சொட்டு மருந்து போட்டும் குஞ்சு ஏன் செத்தது?

எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம். தடுப்பூசி பற்றிய பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். வலுவிழக்கச் செய்த கிருமியை உடலுக்குள் செலுத்தினால் உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கிக்கொள்ளும், பின்னால் உண்மையான கிருமி வரும்போது அதை அடையாளம் கண்டு அழித்துவிடும் என்று வழக்கம்போலச் சொல்லி முடித்தேன். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள்.

“டீச்சர், எங்க அப்பத்தா வாங்குன குஞ்சுக்கெல்லாம் ஏழாம் நாளே வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து போட்டோம். இப்ப ஒரு மாசக் குஞ்சு. மூணு நாள்ல ஒன்பது செத்துப்போச்சு. எல்லாம் வெள்ளையாத்தான் கழியுது. அப்ப மருந்து பொய்யா டீச்சர்?”

எங்கள் பள்ளி திண்டுக்கல்லுக்கு வடக்கே, வேடசந்தூர் பக்கத்துச் சமவெளியில் இருக்கிறது. வானம் பார்த்த பூமி. பாதி வீடுகளில் பெற்றோர் நூற்பாலைக்குப் போகிறார்கள். வீட்டில் ஆடும் கோழியும் பாட்டிமார் பொறுப்பு. அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் நாலு நாட்டுக்கோழி விற்றால்தான் பல பிள்ளைகளுக்கு நோட்டும் செருப்பும் வரும். ஒன்பது குஞ்சு என்பது அந்த வீட்டுக்குச் சிறிய கணக்கு அல்ல.

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “மருந்தைக் குளிர்ச்சியில வச்சிருக்க மாட்டாங்க, அதான் வேலை செய்யல” என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்த அப்பத்தாவே பள்ளிக்கு வந்துவிட்டார். என் பதிலைக் கேட்டுவிட்டு நேராகக் கால்நடை மருந்தகத்துக்குப் போய், அங்கிருந்த உதவியாளரை நாலு பேர் முன்னால் சத்தம் போட்டிருக்கிறார். “டீச்சரே சொல்லுச்சு, நீங்க மருந்த வெயில்ல வச்சு வீணாக்கிட்டீங்கன்னு. இனிமே எங்க தெருவுல எவளும் கோழிக்கு ஊசியும் போடமாட்டா, சொட்டும் போடமாட்டா” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதை என்னிடம் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் மாலையில் மருந்தகத்துக்குப் போனேன். அப்பத்தாவையும் மாணவியையும் அழைத்துக்கொண்டேன். அன்று காலையில் செத்த குஞ்சு ஒன்றை அப்பத்தா மஞ்சப்பையில் வைத்திருந்தார். கால்நடை உதவி மருத்துவர் பொறுமையானவர். குளிர்பெட்டியைத் திறந்து வெப்பமானியையும் மருந்துப் பதிவேட்டையும் காட்டினார். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, குஞ்சை மேசையில் மல்லாக்கக் கிடத்தி அறுத்தார்.

தொடைத் தசையில் சிவப்புத் திட்டுகள் இருந்தன. அவற்றைக் காட்டிவிட்டுக் குடலின் கடைசிப் பகுதிக்கு வந்தார். எச்சம் வெளியேறும் துவாரத்துக்குச் சற்று மேலே, முதுகுப் பக்கமாக ஒரு சிறு உருண்டை. பெரிய அளவு சின்ன வெங்காயம் போல வீங்கி, மேலே மஞ்சள் நிறத்தில் கோந்து பூசியதுபோல இருந்தது. “இது வெள்ளைக்கழிச்சல் இல்லம்மா. கம்போரா. ரெண்டும் வேற வேற வைரஸ். அந்தச் சொட்டு மருந்து இதுக்கானது இல்ல” என்றார். இரண்டிலும் எச்சம் வெளுத்துப் போவதால் வீட்டில் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்றும் சொன்னார்.

அந்த உருண்டையின் பெயர் பர்சா. நான் விலங்கியல் படித்தவள். பட்டப்படிப்பில் இந்தப் பெயரை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அதன்பின் சில வாரங்கள் இதைப்பற்றியே படித்தேன். நம் பாடநூலின் மூன்று நான்கு வரிகளுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கே வியப்பாக இருந்தது. நோய்த்தடுப்பை எந்த வகுப்பில் நடத்துபவருக்கும் இது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

வகுப்பறையில் தோற்றுப்போன ஒரு செய்முறை

கோழியின் இந்தப் பையை விவரித்து எழுதியவர் இத்தாலியில் பாதுவா பல்கலைக்கழகத்து உடற்கூறியல் ஆசிரியர் ஃபேப்ரீசியஸ். அவர் இறந்த பின், 1621இல் அந்த நூல் வெளிவந்தது. இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வி அவருடைய மாணவர். சேவலின் விந்து தங்கும் இடம் இது என்று ஃபேப்ரீசியஸ் நினைத்தார். அது தவறு. ஆனாலும் பைக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. பை எதற்கு இருக்கிறது என்பது அதற்குப் பிறகு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் தெரியாமலே இருந்தது.

1950களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆய்வு மாணவர், இளம் குஞ்சுகளில் இந்தப் பையை அறுத்து எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சுகள் வளர்ந்தன, முட்டையிட்டன; பெரிய மாற்றம் ஒன்றும் தென்படவில்லை. அதே துறையில் திமதி சாங் என்ற இன்னொரு மாணவர் இளநிலை வகுப்புக்குப் பாடம் எடுத்துவந்தார். சால்மோனெல்லா கிருமியைச் செலுத்தினால் கோழியின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாவதை மாணவர்களுக்குச் செய்துகாட்ட வேண்டும். கையில் கோழி இல்லை. கிளிக்கிடம் கடன் கேட்டு வாங்கினார். செய்முறை தோற்றது. எதிர்ப்பொருளே உண்டாகவில்லை!

நம்மில் யாராக இருந்தாலும் “மருந்து பழசு” என்று சொல்லிவிட்டு வகுப்பை முடித்திருப்போம். (நான் சொன்னேனே.) இவர்கள் இருவரும் பதிவேட்டைப் புரட்டினார்கள். தோற்றுப்போன கோழிகள் எல்லாம் பை நீக்கப்பட்டவை. மறுபடியும் முறையாகச் சோதித்துப் பார்த்து, கோழி எதிர்ப்பொருள் உண்டாக்குவதற்கு இந்தப் பை தேவை என்று எழுதினார்கள். ‘சயின்ஸ்’ இதழ் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1956இல் கோழி வளர்ப்பு அறிவியலுக்கான ‘பவுல்ட்ரி சயின்ஸ்’ என்ற இதழில் அது வெளியானது. மருத்துவ உலகம் அதைக் கவனிக்கச் சில ஆண்டுகள் ஆயின.

1965இல் மேக்ஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் மினசோட்டாவில் இதை மேலும் எடுத்துச்சென்றார்கள். கோழியில் நிணநீர்ச் செல்கள் இரண்டு வகை. ஒரு வகை தைமஸ் சுரப்பியில் பக்குவமடைகிறது. இன்னொரு வகை பர்சாவில். எதிர்ப்பொருளை உருவாக்குவது பர்சா வகைதான். தைமஸ் வகைக்கு டி செல், பர்சா வகைக்கு பி செல் என்று பெயர் வந்தது. பி என்ற எழுத்து எலும்பு மஜ்ஜைக்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து என்று நம்மில் பலர் வகுப்பில் சொல்கிறோம்; நானும் சொல்லியிருக்கிறேன். மனிதருக்கு பர்சா இல்லை, நமக்கு பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் உண்டாகின்றன, எழுத்தும் பொருந்திவிட்டது. ஆனால் பெயர் வந்தது கோழியின் பையிலிருந்துதான். மனித நோய்த்தடுப்புப் பாடத்தின் நடுவில் ஒரு கோழிக்குஞ்சு உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.

ஒரே கோழி, ஒரே வைரஸ், இரண்டு கட்டிகள்

கம்போரா என்பது அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். அந்த வட்டாரத்துப் பண்ணைகளில் கண்ட நோயை 1962இல் காஸ்குரோவ் என்பவர் விவரித்து எழுதினார். ஊர்ப் பெயர் நோய்க்கு ஒட்டிக்கொள்வது வழக்கம்தான். வெள்ளைக்கழிச்சலுக்கு நம் நாட்டில் இராணிக்கெட் என்று பெயர். 1920களின் இறுதியில் குமாவோன் மலைப்பகுதியில், இன்றைய உத்தராகண்டில் உள்ள அந்த ஊரில் நோய் கண்டதால் வந்த பெயர் அது. அதே காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அந்த நோய் வந்ததால் வெளிநாட்டார் அதை நியூகாசில் நோய் என்கிறார்கள். நம் பிள்ளைகள் இராணிக்கெட்டை இராணிப்பேட்டை என்று எழுதுவார்கள். அதிலும் ஒரு தொடர்பு உண்டு. கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தடுப்பு மருந்து தயாரிக்கும் அரசு நிறுவனம் 1932 முதல் இராணிப்பேட்டையில்தான் இயங்குகிறது.

கம்போரா வைரஸ் மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளைத்தான் வெளிப்படையாகத் தாக்கும். உடம்பில் எத்தனையோ செல்கள் இருக்க, அது தேடிப்போவது பர்சாவில் உள்ள முதிராத பி செல்களை. தொற்றிய மூன்றாம் நாள் பர்சா வீங்கத் தொடங்கும்; நான்காம் நாள் வாக்கில் எடை இரண்டு மடங்காகும்; அதன்பின் சுருங்கி, எட்டாம் நாள் வாக்கில் பழைய எடையில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். இந்த வைரஸுக்கு மேலுறைச் சவ்வு கிடையாது. அதனால் எளிதில் அழியாது. கோழிக் கொட்டகையில் நான்கு மாதம்வரை உயிர்ப்போடு இருந்ததாக ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். 1990களில் இதன் மிகத் தீவிரமான வகை இந்தியாவுக்குள்ளும் வந்தது.

டி செல்லும் பி செல்லும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே இருக்கும். வைரஸ் மட்டும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது? இதைத் தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் பர்சாவிலிருந்து எடுத்த பி செல்கள் உடலுக்கு வெளியே அதிக நேரம் தாங்காது. சோதனை முடியும் முன்பே செத்துவிடும். இங்கேதான் கட்டிகள் உதவிக்கு வந்தன.

கோழிக்கு வைரஸால் புற்றுக்கட்டி வரும். 1911இலேயே பெய்ட்டன் ரவுஸ் இதை நிறுவினார்; நோபல் பரிசு 1966இல்தான் வந்தது, அவர் நல்லவேளையாக உயிரோடு இருந்தார். கோழிப் பண்ணைகளில் இரண்டு கட்டி நோய்கள் பெரும் தொல்லை. ஒன்று மேரக்ஸ் நோய். அதன் வைரஸ் டி செல்லைக் கட்டியாக மாற்றும். (இதற்கு எதிராக 1970ஐ ஒட்டி வந்த தடுப்பூசிதான் உலகில் ஒரு புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசி.) மற்றொன்று லியூக்கோசிஸ், இதன் வைரஸ் பர்சாவில் உள்ள பி செல்லைக் கட்டியாக்கும். கட்டிச் செல்லுக்குச் சாவு எளிதில் வராது. தட்டில் ஊட்டம் கொடுத்தால் பெருகிக்கொண்டே இருக்கும்; ஒரு தட்டிலிருந்து எடுத்து அடுத்த தட்டில் போட்டுப் பல ஆண்டுகள் வளர்க்கலாம். தயிருக்கு உறை ஊற்றுவதுபோல. இப்படித் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படும் செல்களைச் செல் தொடர் என்கிறோம். ஆக, ஒரு பக்கம் கோழியின் டி செல் தொடர், இன்னொரு பக்கம் கோழியின் பி செல் தொடர், இரண்டும் ஆய்வகத்தில் தயார்.

1979இல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிராய், கால்னெக் இருவரும் இந்தக் கட்டிச் செல் தொடர்களில் கம்போரா வைரஸை விட்டுப் பார்த்தார்கள். லியூக்கோசிஸ் கட்டியிலிருந்து வந்த பி செல்களில் வைரஸ் பெருகியது. மேரக்ஸ் கட்டியிலிருந்து வந்த டி செல்களில் பெருகவில்லை. கோழியின் உடலில் பார்த்த அதே தேர்வு தட்டிலும் நடந்தது. சத்துக் குறைவு, குளிர், கொட்டகை அழுக்கு என்று எதையும் இங்கே காரணம் சொல்ல முடியாது. செல்லுக்குள் இருக்கும் ஏதோ ஒன்று வைரஸுக்கு இடம் கொடுக்கிறது அல்லது மறுக்கிறது.

வேறொரு வைரஸை எடுத்துக்கொண்டால் கதை மாறும். கோழிக்குஞ்சுகளுக்கு இரத்தசோகை உண்டாக்கும் ஒரு மிகச் சிறிய வைரஸை 1979இல் ஜப்பானில் யுவாசா கண்டறிந்தார். வளர்ப்பதற்குச் செல் கிடைக்காமல் பல செல்களில் முயன்று, 1983இல் மேரக்ஸ் கட்டியிலிருந்து வந்த எம்.எஸ்.பி.-1 என்ற டி செல் தொடரில் வளர்த்துக்காட்டினார். மேரக்ஸ் கட்டிகளிலிருந்து வந்த எல்லாத் தொடர்களும் அந்த வைரஸுக்கு இடம் கொடுத்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ‘எளிதில் தொற்றும் செல்’ என்று பொதுவாக எதுவும் கிடையாது. எந்த வைரஸுக்கு எந்தச் செல் என்றுதான் கேட்க வேண்டும்.

பூட்டும் சாவியும்

வைரஸ் ஏன் குறிப்பிட்ட செல்லைத் தாக்குகிறது என்று கேட்டால் நாம் எல்லோரும் சொல்வது பூட்டு–சாவி உவமை. செல்லின் மேல் ஏற்பி என்ற பூட்டு இருக்கும், வைரஸின் மேல் அதற்கான சாவி இருக்கும், பொருந்தினால் கதவு திறக்கும். கரோனா காலத்தில் இதை ஆயிரம் முறை சொல்லியிருப்போம். திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் இந்த உவமையை விட எனக்கும் மனம் வராது.

ஆனால் 1996இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் நீப்பர், முல்லர் இருவரும் கம்போரா வைரஸ் கோழியின் நிணநீர்ச் செல்களில் எப்படி ஒட்டுகிறது என்று அளந்தார்கள். வைரஸ் பெருகும் செல்லிலும் ஒட்டியது. பெருகாத செல்லிலும் ஒட்டியது! ஒட்டுமிடம் இருப்பதற்கும் நோய்க்கு ஆளாவதற்கும் நேர்த் தொடர்பு இல்லை என்றுதான் அவர்கள் முடிவு சொன்னது. பூட்டில் சாவி நுழைகிறது, கதவு திறக்கவில்லை. திறந்தாலும் உள்ளே அடுப்பில்லாத வீடாக இருந்தால் சமைக்க முடியாது. ஒட்டுவது, நுழைவது, செல்லின் பொறிகளைக் கொண்டு தன்னை நகலெடுப்பது, வெளியேறுவது என்று ஒவ்வொரு படியிலும் செல் சம்மதிக்க வேண்டும்.

வெள்ளைக்கழிச்சல் வைரஸும் இதையே வேறு விதமாகக் காட்டுகிறது. அது ஒட்டுவது சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருளில். அது கோழியின் பெரும்பாலான செல்களின் மேல் உண்டு. ஆகவே பூட்டு எங்கும் இருக்கிறது. ஆனால் வைரஸின் மேலுள்ள இணைவுப் புரதத்தைக் கோழியின் நொதி ஒன்று வெட்டிவிட்டால்தான் அது செல்லுக்குள் நுழைய முடியும். தடுப்பு மருந்தாகப் பயன்படும் சாதுவான வகைகளில் இந்தப் புரதத்தை வெட்டும் நொதிகள் சுவாசப் பாதையிலும் குடலிலும்தான் உள்ளன. கொல்லும் வகைகளில் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உள்ள நொதியே வெட்டிவிடும். அந்தப் புரதத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியிருப்பதுதான் மருந்துக்கும் நோய்க்கும் உள்ள தூரம்.

உவமையைக் கைவிட வேண்டாம். ‘இது முதல் படி மட்டும்’ என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் போதும். உயர்நிலை வகுப்பில் அந்த ஒரு வரியிலிருந்து நல்ல கேள்விகள் வருகின்றன.

பிழைத்த குஞ்சுகளின் கதை

அன்று மருந்தகத்தில் அப்பத்தா கேட்ட கேள்விதான் முக்கியமானது. “செத்தது போகட்டும் டாக்டர். மிச்சம் பதினொண்ணு இருக்கே, அதுக்கு ஊசி போட்டா கேக்குமா?”

மருத்துவர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். கம்போரா வந்து பிழைத்த குஞ்சு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எதிர்ப்பொருள் செய்யும் செல்களின் பயிற்சிக்கூடமே பர்சா. அது அழிந்திருந்தால், பிறகு எந்தத் தடுப்பூசி போட்டாலும் உடல் சரியாகப் பதில் சொல்லாது. 1972இல் இங்கிலாந்தில் ஆலன், ஃபேரகர், கல்லன் மூவரும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். பிறந்த சில நாட்களிலேயே கம்போரா வைரஸ் தொற்றிய குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து கொடுத்தபோது, அவற்றுக்குப் போதிய பாதுகாப்பு உண்டாகவில்லை. மருந்தில் குறையில்லை, மருந்தை வாங்கிக்கொண்டு வேலை செய்ய ஆள் இல்லை.

இதில் வயது முக்கியம். மூன்று வாரத்துக்கு முன் தொற்றினால் குஞ்சு சாகாது, கழியாது, நோய் வந்ததே தெரியாது. ஆனால் எதிர்ப்பாற்றல் இழப்பு ஆழமாக, நீண்ட நாளைக்கு இருக்கும். பிந்தித் தொற்றினால் கண்ணுக்குத் தெரியும் நோயும் சாவும் அதிகம்; பிழைத்தவற்றில் எதிர்ப்பாற்றல் ஓரளவு மீள வாய்ப்புண்டு. அப்பத்தாவின் குஞ்சுகள் இரண்டாவது வகை. “அதனால போடலாம்மா, போடத்தான் வேணும். முழுசாக் கேக்கும்னு மட்டும் நான் எழுதித்தர முடியாது” என்றார் மருத்துவர். இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று பிரித்துச் சொல்கிற பதில். நான் வகுப்பில் சொன்னதற்கு நேர் எதிர்.

அடுத்த முறை குஞ்சு வாங்கினால் ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்தோடு, பதினான்காம் நாள் வாக்கில் கம்போரா தடுப்பு மருந்தும் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதை ஏன் முதல் நாளே கொடுக்கக் கூடாது என்று மாணவி கேட்டாள். தாய்க்கோழி முட்டை வழியாகக் கொடுத்த எதிர்ப்பொருள் முதல் இரண்டு வாரம் குஞ்சின் உடலில் இருக்கும். முந்திக் கொடுத்தால் அந்த எதிர்ப்பொருளே மருந்தை அழித்துவிடும், பிந்தினால் நோய் முந்திக்கொள்ளும் என்றார். தாய்மையின் பாதுகாப்பும் மருந்தும் ஒன்றோடொன்று மோதும் அந்தச் சில நாட்களைப் பற்றி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அரை மணி நேரம் பேசினார்கள். பழைய கூளத்தை அள்ளி அப்புறப்படுத்தாமல் அதே கொட்டகையில் புதுக் குஞ்சு விடக்கூடாது என்பதையும் மருத்துவர் இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

வகுப்பில் செய்தது

முதலில் அதே எட்டாம் வகுப்பில், நான் முன்பு சொன்னது தவறு என்று சொன்னேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குஞ்சை அறுத்த கதையைத்தான் கேட்டார்கள்.

பிறகு ஒரு விளையாட்டு. செலவு ஒன்றுமில்லை. பத்துப் பிள்ளைகளின் மணிக்கட்டில் சிவப்பு ரிப்பன். அவர்கள் பி செல். பத்துப் பேருக்கு நீலம்; டி செல். மற்றவர்கள் தசை, தோல். ஒவ்வொருவர் கையிலும் மடித்த சீட்டு. சிவப்புக்காரர் சீட்டில் ‘ஒட்டு, நுழை, நகலெடு’ என மூன்றும் இருக்கும். நீலத்தில் ‘ஒட்டு’ மட்டும். மற்றவர்கள் சீட்டு வெறுமை. வைரஸாக வரும் பிள்ளை ஒவ்வொருவரிடமும் கை கொடுத்து, சீட்டைப் படிக்கச் சொல்ல வேண்டும். மூன்றும் இருந்தால் அந்தச் செல் உட்கார்ந்துவிடும். அதனருகே நிற்கும் இருவர் புது வைரஸாக மாறிக் கிளம்புவார்கள். நீலத்திடம் கை கொடுத்தால் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இரண்டு நிமிடத்தில் சிவப்பு ரிப்பன் ஒன்றுகூட நிற்கவில்லை. மற்ற எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள், சிரித்துக்கொண்டு.

அப்போது நான் ‘வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து’ என்று எழுதிய அட்டையோடு உள்ளே வந்து, “எதிர்ப்பொருள் செய்யத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்” என்றேன். ஒருவரும் தூக்கவில்லை. சில நொடி அமைதி. “செவப்பு ரிப்பன்காரங்கதானே டீச்சர் செய்வாங்க? எல்லாரும் உக்காந்துட்டாங்களே” என்றான் ஒருவன். அதற்கு மேல் நான் விளக்க எதுவும் இருக்கவில்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதையே சீட்டு இல்லாமல், ரிப்பன் நிறத்தை மட்டும் வைத்து நடத்தலாம். செல் என்று சொல்லாமல் ‘காவல்காரர்கள்’ என்று சொன்னால் போதும். உயர்நிலையில் விருப்பமுள்ளவர்கள் கறிக்கடையில் பிராய்லர் கோழியின் வால் பகுதியைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஐந்து ஆறு வாரக் கோழி என்பதால் பர்சா தெளிவாக இருக்கும். வெட்டினால் உள்ளே புத்தகத் தாள்போல மடிப்பு மடிப்பாக இருக்கும். முட்டையிடும் பருவத்து நாட்டுக்கோழியில் தேடினால் கிடைக்காது. வளர்ந்ததும் அது சுருங்கி மறைந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ‘ஏன்’ என்று அவர்களே கேட்பார்கள். ஆசிரியர் கையுறை போட்டுத் தாமே வெட்ட வேண்டும், பிறகு எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நோயில் செத்த கோழியை எக்காரணம் கொண்டும் பள்ளிக்குள் கொண்டுவர விடாதீர்கள். அது கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டியது. திண்டுக்கல்லில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. களப்பயணத்துக்கு மலைக்கோட்டையையே எத்தனை முறை எழுதுவது?

பிப்ரவரியில் ஆண்டுதோறும் நடக்கும் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் எங்கள் ஊருக்கு வந்தது. அப்பத்தாவின் தெருவில் யாரும் வரமாட்டார்களோ என்று எனக்குப் பயம். இடைவேளையில் பள்ளிச் சுவரோரமாக நின்று எட்டிப் பார்த்தேன். மூங்கில் கூடையில் பதினொரு கோழிகளையும் மூடி எடுத்துக்கொண்டு அவர் முன்வரிசையில் நின்றிருந்தார். பின்னால் அவர் தெருப் பெண்கள் நாலைந்து பேர். அன்று சத்தம் கேட்டுக்கொண்ட அதே உதவியாளர்தான் ஊசி எடுத்தார். முதல் கோழியை அவரிடம் நீட்டியபடி அப்பத்தா கேட்டார்:

“தம்பி, ஊசி போடறதுக்கு முன்னாடி, இதுக்கு அந்தப் பை இருக்கா இல்லையான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு.”